காருக்கு ஸ்பிரிங் மாத்துறது வாசல்ல வச்சுப் பண்ற வேலை இல்ல அண்ணாச்சி!

1/ தீபாவளி நெருங்குச்சுன்னா சிவகாசிக்கு வர்ற வெளியூர் கார்கள் திரும்பிப் போறப்போ பின்பக்கம் தரையைத் தொடுற மாதிரி போகும். நம்ம ஊர்க்காரங்க கார் வருஷம் பூரா அப்படித்தான். "பின்னாடி கெட்டியா ஸ்பிரிங் போட்டா சரியாயிரும்"னு ஆன்லைன்ல ஆர்டர். யூடியூப்ல பத்து நிமிஷ வீடியோ. வாசல்ல ஜாக்கி. ஒரு டாக்டரா இதைப் பத்திக் கொஞ்சம் கடுமையாவே பேசப்போறேன்.

2/ முதல்ல ஒண்ணு. சொந்தமா வண்டி வேலை பாக்குறவங்களுக்கு நான் எதிரி கிடையாது. ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி எல்லாம் தாராளமா மாத்துங்க. ஸ்பிரிங் அந்த வரிசையில வராது. ஏன்னா அது அமுக்கி வச்ச சக்தி.

3/ கணக்கு போட்டுப் பாப்போம். 1 மி.மீ. அமுக்க 25 நியூட்டன் கேக்குற ஸ்பிரிங்கை 120 மி.மீ. அமுக்கினா, உள்ள சுமார் 180 ஜூல் நிக்குது. 10 கிலோ கல்லை ஆறடி உயரத்துல இருந்து போட்டா வர்ற அடி அது. அந்தக் கல்லுக்கு நேரா நீங்க முகத்தைக் குனிஞ்சு வச்சுக்கிட்டு நட்டு கழட்டுறீங்க.

4/ முன்பக்கம் பெரும்பாலான சின்ன கார்கள்ல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணாச் சேர்ந்திருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாம மேல் நட்டைத் தொட்டா, அது எந்தப் பக்கம் பாயும்னு யாராலயும் சொல்ல முடியாது. தாடை எலும்பு, கண்ணு, விரல். இந்த மூணுக்கும் "பழையபடி ஆக்கிருங்க டாக்டர்"னு கேட்டா எங்ககிட்ட பல நேரம் பதில் இருக்காது.

5/ "பின்னாடி ஸ்பிரிங் தனியாத்தான் இருக்கு, ஆக்ஸிலை இறக்கினா கையோட வந்துரும்"னு சொல்வீங்க. பல கார்ல உண்மைதான். ஆனா அப்போ நீங்க இருக்கறது வண்டிக்கு அடியில. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு ஸ்டாண்டு வேணும். செங்கல் ஸ்டாண்டு ஆகாது. நெஞ்சு மேல கார் இறங்கினா எலும்பு உடையணும்னுகூட இல்ல, நெஞ்சு விரிய முடியாம சில நிமிஷத்துல மூச்சு நின்னுரும்.

6/ இன்னொரு ஏமாத்து வேலை: "ஸ்பிரிங் கெட்டியானா லோடு கூட ஏத்தலாம்." ஏத்த முடியாது. பிரேக் அதேதான், டயர் அதேதான், ஆக்ஸில் அதேதான். டிக்கி தொங்குறது வண்டி உங்களுக்குச் சொல்ற எச்சரிக்கை. கெட்டி ஸ்பிரிங் அந்த எச்சரிக்கையோட வாயைக் கட்டுது. பின்பக்கம் மட்டும் உயர்த்தினா வண்டி மூக்கைக் குத்தி நிக்கும், பிடியும் பிரேக்கும் கம்பெனி போட்ட கணக்குல இருக்காது. அடி உங்களுக்கு மட்டுமில்ல, எதிர்ல டிவிஎஸ் எக்ஸெல்ல வர்ற அண்ணாச்சிக்கும்தான்.

7/ சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குறிச்ச அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒண்ணுல அதையே உறுதி செஞ்சது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். தேய்ஞ்சதுக்குப் பதிலா அதே அளவு ஸ்பிரிங் போடுறது வேற விஷயம்.

8/ விருதுநகர் மாவட்டத்துக்காரங்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்ல. மருந்து அறையில 4 பேருக்கு மேல கூடாது, இரும்புச் சாமான் கூடாதுன்னு விதி ஏன் இருக்குன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30-க்கும் மேற்பட்ட உயிர். "நாங்க பாக்காத மருந்தா"ங்கிற தைரியம் எங்க கொண்டுபோய் விடும்னு பாத்த ஊரு இது. அதே தைரியத்தை ஏன் வீட்டு வாசலுக்குக் கொண்டு வர்றீங்க?

9/ கோபம் உங்க மேல மட்டும் இல்ல. "ஈஸியாப் போட்டுக்கலாம்"னு விக்கிறவங்க மேலயும், கம்ப்ரஸர் வாங்கக் காசில்லைன்னு கம்பியக் கட்டி ஸ்பிரிங் கழட்டுற பட்டறைங்க மேலயும்தான். அங்க அடிபடுறது முதலாளி இல்ல, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்குற பையன்.

10/ பட்டறையில விட்டாலும் கேளுங்க: கம்ப்ரஸர் ரெண்டு பக்கமும் எதிரெதிரா மாட்டினாங்களா? மாத்தி மாத்தி சமமா முறுக்கினாங்களா? ஸ்பிரிங் சீட்டை விட்டுத் தளர்ந்த பிறகுதான் மேல் நட்டைத் தொட்டாங்களா? ஜோடியா மாத்தி, வீல் அலைன்மென்ட் பாத்தாங்களா?

11/ மீறி அடிபட்டா: கண்ணுல ஏதாவது குத்தியிருந்தா பிடுங்காதீங்க, தேய்க்காதீங்க. அழுத்தாம ஒரு பேப்பர் கப்பால மூடிக் கூட்டிட்டு வாங்க. விரல் துண்டானா ஈரத்துணியில சுத்தி, பையில போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல வைங்க. விரல்ல நேரா ஐஸ் படக் கூடாது. 108-க்கு உடனே போன்.

12/ மிச்சமாகுறது பட்டறைக் கூலி. அந்தக் காசுக்குக் கண்ணையும் கையையும் பணயம் வைக்காதீங்க. லோடு ஜாஸ்தியா? ரெண்டு நடை போங்க, இல்ல லோடு வண்டி பிடிங்க. காரைக் கார் மாதிரி ஓட்டுங்க.