கையொப்பம் ஆயிற்று, சண்டை நடக்கவில்லை

“இரு வீரரும் கையொப்பம் இட்டாயிற்று, நாளும் குறித்தாயிற்று என்கிறார்கள், அதன் பின்னரும் ஒரு குத்துச்சண்டை எவ்வாறு நின்றுபோகும்? இடையில் செலவு செய்தவர் கதி என்ன?” என்று நம் சங்க அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வெளிவந்த நாள் முதலாக நம் இல்லத்து இளைஞரிடையே குத்துச்சண்டைப் பேச்சு மிகுந்திருக்கிறது; ஆகவே இந்த வினா எழுந்ததில் வியப்பில்லை. அப்படம் வந்த 2021ஆம் ஆண்டிலேயே, வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்னர், உலகின் மிகப் பெரிய சண்டை என்று முழக்கப்பட்ட ஒன்று ஒரே இரவில் முறிந்துபோயிற்று. அன்பருக்கு அதைக் கொண்டே விடை கூறத் தொடங்குகிறேன்.

முதலில் ‘புரொமோட்டர்’ என்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாடகக் கம்பெனிகளைக் காண்டிராக்டு எடுத்துத் தம் ஊருக்கு அழைத்துவந்து, கொட்டகை போட்டு, டிக்கெட்டு விற்றவர்களை நம் பெரியோர் அறிவர். புரொமோட்டரும் அத்தகையவரே. வீரருக்குத் தொகை பேசுவார். அரங்கை வாடகைக்கு அமர்த்துவார். தொலைக்காட்சி உரிமையை விற்பார். இலாபமானாலும் நட்டமானாலும் அவர் தலையில். வட சென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகள் மோதிய காலத்தில் முன்னின்றது பரம்பரையின் மானம். மேல்நாட்டுத் தொழில்முறைச் சண்டையில் முன்நிற்பது புரொமோட்டரின் கணக்குப் புத்தகம். அங்கே ஒவ்வொரு வீரருக்கும் ஒரு புரொமோட்டர், சிலருக்கு இருவர். ஆகவே, இரு வீரர் மோதுவதென்றால் மூன்று நான்கு நிறுவனங்கள் சம்பந்தம் பேச வேண்டும். மணமக்கள் இசைந்தும் சம்பந்திகள் ஒவ்வாமல் நின்றுபோன திருமணங்களை நாம் பார்த்ததில்லையா?

(1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி இந்தியாவுக்கு வந்தபோது இத்தகைய தொல்லை எழவில்லை. ஜனவரி 27 அன்று தில்லியில் நம் இராணுவ வீரர் கௌர் சிங்குடன் மோதினார். பின்னர்ச் சென்னை நேரு விளையாட்டரங்கில், அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆர். முன்னிலையில், ஜிம்மி எல்லிஸுடன் மோதிக் காட்டினார். பட்டம் எதுவும் பணயமாக இல்லாத காட்சிச் சண்டைகள் அவை. அந்தக் கௌர் சிங் 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்றார் என்பதையும் இளைஞர்கள் நினைவில் வைத்தல் நலம்.)

இனி 2021ஆம் ஆண்டின் கதைக்கு வருவோம். உடல் எடை மிக்கோர் பிரிவாகிய ‘ஹெவி வெயிட்’டில் உலகப் பட்டங்கள் நான்கு. அவற்றுள் மூன்று ஆண்டனி ஜோஷுவாவிடமும் ஒன்று டைசன் ஃப்யூரியிடமும் இருந்தன. இருவரும் இங்கிலாந்து நாட்டவர். நான்கும் ஒருவரிடம் சேர வேண்டும் என்பது இரசிகர்களின் நெடுநாள் ஆவல். ஜோஷுவாவின் புரொமோட்டர் எடி ஹெர்ன். ஃப்யூரிக்கு அமெரிக்காவில் பாப் அரம், இங்கிலாந்தில் ஃபிராங்க் வாரன். மார்ச் மாதத்தில், இரு வீரரும் இரண்டு சண்டைகளுக்குக் கையொப்பம் இட்டுவிட்டனர் என்று ஹெர்ன் அறிவித்தார். மே 16 அன்று ஃப்யூரி தாமே தோன்றி, ஆகஸ்டு 14 அன்று சவுதி அரேபியாவில் சண்டை என்று உலகுக்குக் கூறினார்.

மறுநாள், மே 17 அன்று, அமெரிக்காவில் ஒரு மத்தியஸ்தர் தீர்ப்புரைத்தார். ஃப்யூரி ஜோஷுவாவுடன் மோதலாகாது. முதலில் டியான்டே வைல்டருடன் மூன்றாம் முறை மோதியாக வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. மத்தியஸ்தர் ஓய்வு பெற்ற நீதிபதியாகிய டேனியல் வைன்ஸ்டீன். வைல்டர் எங்கிருந்து வந்தார்? அவரும் ஃப்யூரியும் 2018ஆம் ஆண்டு டிசம்பரில் மோதிச் சமன் செய்தனர். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் மீண்டும் மோதியபோது வைல்டர் ஏழாம் சுற்றில் தோற்றார். அந்த இரண்டாம் சண்டைக்கு எழுதிய ஒப்பந்தத்தில், தோற்றவர் விரும்பினால் மூன்றாம் சண்டை கேட்கலாம் என்று ஒரு விதி இருந்தது. வைல்டர் கேட்டார். நோய்த்தொற்றுக் காலமாதலால் நாள் தள்ளித் தள்ளிப் போயிற்று. கெடு கடந்துவிட்டது, இனி அவ்வுரிமை இல்லை என்று ஃப்யூரி தரப்பினர் தாமே முடிவு கட்டிக்கொண்டு, ஜோஷுவாவுடன் பேசத் தொடங்கினர். வைல்டரோ மத்தியஸ்தரிடம் சென்றார். அவருடைய உரிமை உயிரோடுதான் இருக்கிறது என்று தீர்ப்பாயிற்று.

வழக்கு நடந்துகொண்டிருந்தது புரொமோட்டர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், தீர்ப்பு வரும்வரை பொறுத்திராமல் நாளை அறிவித்தார்கள். அரம் ஹார்வர்டில் சட்டம் பயின்றவர்; விதியைப் படிக்கத் தெரியாதவர் அல்லர். அறிவித்துவிட்டால் பின்னர் எப்படியேனும் நடந்துவிடும் என்று எண்ணினார்கள் போலும். ஆரவாரத்தைக் கேட்டு விடுப்புக்கும் பயணத்துக்கும் ஏற்பாடு செய்த எளிய இரசிகனைப் பற்றி அவர்களில் எவரும் கவலைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜோஷுவாவின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் எந்த விதியையும் மீறவில்லை. ஃப்யூரிக்கும் வைல்டருக்கும் இடையிலான தாள் ஒன்று, அதில் கையொப்பமே இடாத அவருடைய வாய்ப்பைப் பறித்தது. இரண்டு பேர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் மூன்றாமவன் வாழ்வைத் திருப்பிவிடும் என்பதை நம் தீவுகளில் கச்சால் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பம் இட்டபோது, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பிரிக்கப்பட்டவர்களுள் ஒருவரையும் மேசைக்கு அழைத்துக் கேட்கவில்லை. அதனோடு நோக்கக் குத்துச்சண்டை சிறு விஷயமே. ஆயினும் தாளின் இயல்பு ஒன்றுதான்.

பின்னர் நடந்தது என்ன? ஃப்யூரி அக்டோபர் 9 அன்று வைல்டரைப் பதினோராம் சுற்றில் வீழ்த்தினார். ஜோஷுவா, தம் பட்டங்களுள் ஒன்றுக்கு அடுத்த உரிமையாளராகக் காத்திருந்த உக்ரைன் நாட்டு ஒலெக்சாண்டர் உசிக்குடன் செப்டம்பர் 25 அன்று இலண்டனில் மோதி, மூன்று பட்டங்களையும் இழந்தார். 2022ஆம் ஆண்டு டிசம்பருக்கு ஃப்யூரி–ஜோஷுவா பேச்சு மீண்டும் எழுந்து மீண்டும் விழுந்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் வெம்பிளியில் ஃப்யூரியும் உசிக்கும் மோதுவதாகப் பேசினர்; வருவாயில் 70 பங்கு ஃப்யூரிக்கு, 30 பங்கு தமக்கு என்பதற்குக்கூட உசிக் இசைந்தார்; மறுபோட்டி விதியில் ஒவ்வாமல் அதுவும் மார்ச்சில் முறிந்தது. முடிவில் 2024ஆம் ஆண்டு மே 18 அன்று ரியாத்தில் உசிக் ஃப்யூரியை வென்று நான்கு பட்டங்களையும் ஒருங்கே பெற்றார். இரு ஆங்கிலேயர் பகிர்ந்துகொள்வதாக இருந்த விருந்து, வாயிலில் பொறுமையுடன் நின்றவருக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்பரின் இரண்டாம் வினா, செலவு செய்தவர் கதி என்ன என்பது. இதற்கு விடை 1926ஆம் ஆண்டின் வழக்கு ஒன்றில் இருக்கிறது. அக்காலத்து உலக வீரர் ஜாக் டெம்ப்ஸி. அவரை எதிர்க்கத் தகுதி வாய்ந்தவர் என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டவர் ஹாரி வில்ஸ் என்னும் கறுப்பினத்தவர். 1910ஆம் ஆண்டு ரீனோ நகரில் ஜாக் ஜான்சன் என்னும் கறுப்பின வீரர் வெள்ளையராகிய ஜெஃப்ரீஸை வென்றபோது அமெரிக்க நகரங்களில் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. அதன்பின் கறுப்பினத்தவர் ஒருவரைப் பட்டச் சண்டையில் ஏற்றப் பெரிய புரொமோட்டர்கள் அஞ்சினர். அச்சத்தோடு வெறுப்பும் கலந்திருந்தது. 1922ஆம் ஆண்டில் டெம்ப்ஸியும் வில்ஸும் கையொப்பம் இட்டனர், நாளே குறிக்கப்படவில்லை. 1925ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் வேறொரு புரொமோட்டர் முன்வந்தார். வில்ஸ் முன்பணமாக 50,000 டாலர் பெற்றார்; டெம்ப்ஸிக்கு வாக்களித்த தொகையோ வந்து சேரவில்லை.

மூன்றாவதாக, 1926ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று சிக்காகோ கொலிசியம் கிளப் என்னும் நிறுவனம் டெம்ப்ஸியுடன் ஒப்பந்தம் செய்தது. செப்டம்பரில் வில்ஸுடன் மோத வேண்டும். கையொப்பம் இடும்போது 10 டாலர், ஆகஸ்டு 5 அன்று 3,00,000 டாலர், சண்டைக்குப் பத்து நாள் முன்னதாக 5,00,000 டாலர். அதற்கிடையில் வேறெவருடனும் மோதலாகாது. எட்டு இலட்சத்துக்கு அச்சாரம் பத்து டாலர் என்பதைக் கவனியுங்கள்! ஜூலை 10 அன்று டெம்ப்ஸி தந்தி அடித்தார். ஜீன் டன்னியுடன் நடக்கவிருக்கும் சண்டைக்குப் பயிற்சி செய்துகொண்டிருப்பதாகவும், அவர்களிடம் ஒப்பந்தம் ஏதும் இல்லை என்றும் அதில் கண்டிருந்தது. செப்டம்பர் 23 அன்று பிலடெல்பியாவில், ஒரு இலட்சத்து இருபதாயிரம் பேர் முன்னிலையில், மழையில் டன்னியுடன் மோதிப் பட்டத்தையும் இழந்தார்.

கிளப் வழக்குத் தொடுத்தது. சண்டை நடந்திருந்தால் 16 இலட்சம் டாலர் இலாபம் வந்திருக்கும் என்று கணக்குக் காட்டியது. 1932ஆம் ஆண்டில் இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியதன் சாரம் இது: டெம்ப்ஸி ஒப்பந்தத்தை மீறியது உண்மை, ஆயினும் வராத கூட்டத்தின் டிக்கெட்டு வருவாயை எவராலும் அளந்து கூற இயலாது, ஆகவே கற்பனை இலாபத்தைக் கேட்க முடியாது. ஒப்பந்தம் கையொப்பமாகும் முன் அலைந்து திரிந்த செலவும் கிடையாது. பின்னர்த் தடையாணைக்காக வழக்காடிய செலவும் கிடையாது. கையொப்பத்துக்கும் மீறலுக்கும் இடையில் சண்டைக்கென்றே செய்த செலவை மெய்ப்பித்தால் மட்டும் பெறலாம்.

நம் நாட்டு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவும் இந்நெறியை ஒட்டியதே. மீறலால் இயல்பாக விளைந்த நட்டத்துக்கு ஈடு உண்டு, தொலைவான நட்டத்துக்கு இல்லை. விழாவுக்குச் சென்னையிலிருந்து கலைக்குழுவைக் கப்பலேற்றி அழைக்க நினைக்கும் நம் சங்கத்தினர், பந்தலுக்கும் நோட்டீசுக்கும் பணம் இறைக்கும் முன்னர் எழுத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது நன்று. குழு வராவிடில் எவ்வளவு ஈடு என்பதையும் அதிலேயே எழுதலாம். 74ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

வில்ஸ் என்ன ஆனார்? மேற்கண்ட வழக்கில் அவர் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கி வளர்ந்தவர். ஆண்டுதோறும் ஒரு மாத காலம் நீர் மட்டும் பருகி விரதம் காக்கும் வழக்கமுடையவர். 1926ஆம் ஆண்டில் அவருக்கு வயது 37. அவ்வாண்டு அக்டோபரில் ஜாக் ஷார்க்கியிடம் தோற்றார். மறு ஆண்டு உஸ்குதுனிடமும் வீழ்ந்தார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டு, வசதியாகவே வாழ்ந்து, 1958ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். நடவாத சண்டைக்காக அவர் 50,000 டாலர் பெற்றிருந்தார். டெம்ப்ஸியுடன் ஒருமுறையேனும் மேடை ஏறக் கிடைக்கவில்லையே என்பதே கடைசிவரை அவர் கூறிவந்த குறை.