பாதி அரிசியைத் தேய்ச்சுத் தள்ளினாத்தான் ருசியா?

அரிசியில எடுக்கிற சாராயம்னுதான் சாக்கேயைப் பத்தி நம்ம பக்கம் பேச்சு. சாராயம்னா காய்ச்சி வடிக்கணும். சாக்கேயைப் புளிக்க வெச்சுப் பிழியறாங்க, அவ்வளவுதான். அடுப்பும் குழாயும் கிடையாது. பெரும்பாலும் 15, 16 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். ஒயினை விடக் கொஞ்சம் கூட, பிராந்தியை விட ரொம்பக் குறைச்சல்.

சம்பா அறுவடையை முடிச்சு, உளுந்து தலைகாட்டினதும், பிப்ரவரியில ரெண்டு வாரம் மக வீட்டுக்குப் போயிருந்தேன். மக இருக்கிறது ஜப்பான்ல கோபே நகரம். அந்த ஊர்ல நாடான்னு ஒரு பகுதி, கடலோரமா பட்டறை பட்டறையா சாக்கே வடிக்கிற... பாருங்க, எனக்கே கை 'வடிக்கிற'ன்னு எழுதுது. சாக்கே ஊற வைக்கிற ஊர். நான் நெல்லுக்காரன். அரிசியை வெச்சு ஒருத்தன் என்ன செய்யறான்னு பார்க்காம திரும்ப முடியுமா? மாப்பிள்ளைதான் கூட்டிட்டுப் போனார். மாப்பிள்ளை முன்னாடி கிண்ணத்தைத் தூக்கறதான்னு எனக்குக் கூச்சம். "மாமா, இது ருசி பார்க்கறது, குடிக்கிறது இல்ல"ன்னு அவர் சொல்லி, அந்தக் கணக்குல அஞ்சாறு கிண்ணம் உள்ள போச்சு.

முதல்ல அரிசி. சாக்கேவுக்குன்னே தனி நெல் ரகங்கள் வெச்சிருக்காங்க. அதுல பேர் போனது யமடா நிஷிகி. 1923-ல ஒட்டுக் கட்டி, 1936-ல பேர் வெச்ச ரகம். நாட்டுல விளையற யமடா நிஷிகியில பாதிக்கு மேல கோபே இருக்கிற ஹியோகோ மாகாணத்துலதான் விளையுது. பயிர் நெஞ்சு உசரத்துக்கு மேல வளரும். கதிர் முத்தினதும் காத்தடிச்சா படுத்துடும். மாப்பிள்ளைச் சம்பா போட்டவங்களுக்கு இந்த வேதனை புரியும். விளைச்சலும் சாப்பாட்டு ரகத்தை விடக் குறைச்சல். அப்படியும் விடாம போடறாங்க. காரணம், அந்த அரிசி பெருசு, நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு இருக்கும். நாம 'வயித்து வெள்ளை'ன்னு சொல்லி விலை குறைக்கிற அந்த வெள்ளை மாதிரியே இருக்கு. அங்க அதுக்குத்தான் மதிப்பு. அந்தப் பொட்டு நெகிழ்வா இருக்கிறதால பூஞ்சை உள்ள இறங்க வசதி.

பூஞ்சைன்னதும் முகம் சுளிக்காதீங்க. கோஜின்னு பேரு. வேக வெச்ச அரிசி மேல தூவி, சூடான அறையில ரெண்டு நாள் வளர்க்கறாங்க. அரிசியில இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையா மாத்தறது அது. சர்க்கரையை ஆல்கஹாலா மாத்தறது ஈஸ்ட். திராட்சையில சர்க்கரை ஏற்கனவே இருக்கு, அதனால ஒயினுக்கு ஒரே வேலை. பீருக்கு முதல்ல தானியத்தைச் சர்க்கரையாக்கி, அப்புறம் புளிக்க வைப்பாங்க. சாக்கேவுல ரெண்டு வேலையும் ஒரே தொட்டியில, ஒரே நேரத்துல நடக்குது. நம்ம வீட்டு மாவுப் பானையைத் தினம் பார்க்கிறவங்களுக்கு இது அதிசயமாத் தெரியாது. ஆனா எவ்வளவு பக்குவம் வேணும்னு உடனே விளங்கும்.

இனிதான் என் சண்டை. அரிசியோட மேல் அடுக்குல புரதமும் கொழுப்பும் இருக்கு. அது சாக்கேவோட வாசனையைக் கெடுக்கும்னு தேய்ச்சு எடுக்கறாங்க. நாம சாப்பிடற வெள்ளை அரிசிக்கு பத்துல ஒரு பங்கு போகும். கின்ஜோன்னு பேர் வைக்கணும்னா 60 சதவீதம்தான் மிஞ்சணும். டைகின்ஜோன்னா 50, அதுக்கும் கீழ. பாதி அரிசி தூளாப் போயிடுது. சூடேறினா அரிசி உடைஞ்சிடும்னு மெதுவா, கிட்டத்தட்ட ரெண்டு நாள் மெஷின் ஓடுது. வெளிய வர்ற அரிசி ஜவ்வரிசி மாதிரி உருண்டையா, முத்து மாதிரி இருக்கு. பார்க்க அழகுதான். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. நாத்து விட்டு, நட்டு, களையெடுத்து, மழைக்குப் பயந்து அறுத்து, அதுல பாதியைத் தவிடாக்கறதா? (அந்தத் தூள் வீணாகறது இல்ல. அரிசி பிஸ்கட், மாட்டுத் தீவனம்னு போகுது. விசாரிச்சுட்டுத்தான் எழுதறேன்.)

கடையில விலை ஏறிக்கிட்டே போறது இந்தத் தேய்ப்பை வெச்சுத்தான். பாட்டில் மேல 50, 40, 35ன்னு எண் சின்னதாக ஆக, விலை பெருசாகுது. நகரத்துல இருந்து வர்றவங்க எண்ணைப் பார்த்து வாங்கறாங்க. என் நாக்குக்கு அந்தக் கணக்கு ஒத்து வரல.

ருசி பார்க்கிற கிண்ணம் வெள்ளைப் பீங்கான். அடியில நீல நிறத்துல ரெண்டு வட்டம் போட்டிருக்கும். திரவம் தெளிவா இருக்கா, மஞ்சள் தட்டுதான்னு அந்த வட்டத்தை வெச்சுக் கண்டுபிடிக்கலாம். முதல் கிண்ணம் குளிர வெச்ச டைகின்ஜோ. மூக்குக்குப் பக்கத்துல கொண்டு போனா ஆப்பிள், அப்புறம் பழுத்த வாழைப்பழம். பழம் எதுவும் சேர்க்கறது இல்ல, எல்லாம் ஈஸ்ட் செய்யற வித்தை. வாயில வெச்சா தண்ணி மாதிரி வழுக்கிட்டுப் போகுது. அருமைதான். ஆனா அரிசி எங்க? அரிசியைத் தேடினா அரிசியைக் காணோம்.

அடுத்து ஹோன்ஜோசோ. இதுல கொஞ்சம் ஆல்கஹாலைக் கடைசியில சேர்ப்பாங்க. லேசா, விறுவிறுன்னு இருக்கு, சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. மூணாவது ஜுன்மாய். அரிசி, தண்ணி, கோஜி, ஈஸ்ட், வேற எதுவும் சேர்க்காதது. அங்கதான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோணிச்சு. சோறு வடிக்கும்போது மூடியைத் திறந்தா வருமே ஒரு ஆவி, அந்த வாசம். முழுங்கின பிறகும் நாக்குல ஒரு தித்திப்பு தங்குது.

நாலாவது கிமோட்டோ. இது பழைய முறை. இப்ப பெரும்பாலான இடத்துல லாக்டிக் அமிலத்தைக் கையால சேர்த்துடறாங்க. பழைய முறையில காத்துல, மரத்தொட்டியில இருக்கிற பாக்டீரியா தானா வந்து புளிக்க வைக்கணும். அதுக்காக அரிசியையும் கோஜியையும் குளிர்ல கழியால மணிக்கணக்கா இடிச்சு மசிச்சாங்க. 1909-ல இடிக்காமலே அதே புளிப்பு வரும்னு கண்டுபிடிச்சாங்க, அதுக்கு யமஹாய்னு பேரு. ரெண்டுலயும் தயிர்ப் புளிப்பு அடியில ஓடும். பழைய சோத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்தவனுக்கு அது அந்நியமா இருக்கல. கடைசியா வருஷக்கணக்கா வெச்ச கோஷு. தேன் நிறத்துல, சோயா சாஸும் வறுத்த கொட்டையும் கலந்த மாதிரி. ஒரு வாய் போதும்.

தனியா கிண்ணம் கிண்ணமா ருசி பார்த்தா டைகின்ஜோதான் ஜெயிக்கும். அது முதல் வாய்க்குச் செஞ்ச பண்டம். சாப்பாட்டோட வெச்சா கதை மாறிடுது. அந்த வாழைப்பழ வாசனை வறுத்த மீன் பக்கத்துல வந்தா ரெண்டும் கெட்டுப்போகுது. பச்சை மீன் துண்டு, வேக வெச்ச வெள்ளைக் கறிகாய், இவ்வளவுதான் அதுக்கு ஒத்துப்போகும்.

ஜப்பான் பாஷையில மீனுக்கு 'சகானா'ன்னு பேரு. மூலத்துல அதுக்கு அர்த்தமே 'சாக்கேவுக்குத் தொட்டுக்க'ங்கறதுதானாம். தொட்டுக்கிறதுல மீன் முக்கியமா ஆனதால மீனுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. மீனுக்கும் சாக்கேவுக்கும் அவ்வளவு நெருக்கம் வர ஒரு காரணமும் இருக்கு. சிவப்பு ஒயினோட மீன் சாப்பிட்டா சில நேரம் கவிச்சி தூக்கும், அது ஒயின்ல இருக்கிற இரும்பால வர்றது. சாக்கேவுக்கு இரும்பே எதிரி, நிறத்தையும் ருசியையும் கெடுத்துடும்னு இரும்பு குறைஞ்ச தண்ணியாத் தேடிப் போவாங்க. நாடாவுக்கு வாழ்வு கொடுத்ததே 1840-ல கண்டுபிடிச்ச மியாமிசுங்கற கிணத்துத் தண்ணிதான். இரும்பு ரொம்பக் கம்மி. ஒரே அரிசி, கிணறு மாறினா சாக்கே மாறிடும்னு அங்க சொன்னப்ப, எங்க தெருவுல மேலக் கிணறு, கீழக் கிணறு சண்டைதான் ஞாபகம் வந்துச்சு.

இன்னொரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பழைய மாதிரி விருந்துல சாக்கே இருக்கிற வரைக்கும் சோறு வராது. கிண்ணத்தைக் கவுத்த பிறகுதான் சோறு, சூப்பு, ஊறுகாய். அரிசியோட அரிசி எதுக்குன்னு கேக்கறாங்க.

நான் சொல்ற ஜோடி இது: உப்புத் தடவிச் சுட்ட அயிலை மீன், பக்கத்துல 40 டிகிரிக்குச் சூடு காட்டின ஜுன்மாய். 'நுருகான்'னு கேட்டா அந்தப் பதத்துல கொடுப்பாங்க. சூடுக்கே அங்க பேர் பேரா இருக்கு. 30 டிகிரி வெயில் பட்ட சூடு, 35 உடம்புச் சூடு. நல்ல சாக்கேயைச் சூடு பண்ணக் கூடாதுன்னு சிலர் சொல்வாங்க. வாசனைக்காகச் செஞ்ச கின்ஜோவுக்கு அது சரி. ஜுன்மாய்க்கும் கிமோட்டோவுக்கும் சூடு பட்டாத்தான் அரிசி வாயைத் திறக்குது. மீனோட எண்ணெயை அது கழுவி, உப்பைத் தித்திப்பாக்கி, அடுத்த வாய்க்கு இடம் பண்ணிக் கொடுக்குது.

மக ஒருநாள் மத்தி மீன் குழம்பு வெச்சா. அதுக்கு எதுவும் சரிப்படல. புளி முன்னாடி சாக்கேவோட புளிப்பு ஒண்ணுமே இல்லாமப் போயிடுது. ரசத்துக்கும் அதே கதி. காரமா வறுத்த நெத்திலிக் கருவாட்டுக்கு மட்டும் நிகோரி நின்னுச்சு. நிகோரி முழுசா வடிகட்டாதது. கழுநீர் மாதிரி வெள்ளையா, கொஞ்சம் இனிப்பா இருக்கும், காரத்தைத் தணிக்கும். கருவாடு நம்ம ஊர்ல இருந்து நான் கொண்டு போனது. பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டலைங்கறது பெரிய விஷயம்.

இப்ப நெல்லுக்காரனா ஒரு விஷயம். பாட்டில்ல ரகத்தோட பேர் இருக்கு. யமடா நிஷிகி, ஓமாச்சி, கொஹியாக்குமன்கோகுன்னு அச்சடிச்சிருக்கான். சிலதுல விளைஞ்ச ஊர் பேரும் இருக்கு. ஹியோகோவுல 'முராமாய்'னு ஒரு ஏற்பாடு, நேரா தமிழாக்கினா 'ஊர் அரிசி'. இன்ன ஊர் நெல்லு இன்ன பட்டறைக்குன்னு ஒப்பந்தம். 19-ம் நூற்றாண்டுக் கடைசியில ஆரம்பிச்சு இன்னைக்கும் நடக்குது. பயிர் கெட்ட வருஷமும் உறவு அறுந்து போகல. முன்னெல்லாம் சாக்கே செய்யற வேலைக்குப் போனதே குடியானவங்கதான். தம்பா மலைப்பக்கத்துல பனிக்காலம் வந்தா வயல்ல வேலை இல்ல. ஆம்பளைங்க கூட்டமா நாடாவுக்கு வந்து குளிர் முடியற வரைக்கும் பட்டறையில வேலை பார்த்துட்டு, நடவுக்கு ஊர் திரும்புவாங்க. 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ இந்தக் கைத்தொழிலைத் தன் பட்டியல்ல சேர்த்துச்சு.

நம்ம பக்கம் கொள்முதல் நிலையத்துல நெல்லுக்கு ரெண்டே பேருதான்: சன்ன ரகம், பொது ரகம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பார்க்கறாங்க, மூட்டை போகுது. எந்த ஊர், எந்த வயல், யார் வெச்சாங்க, அந்த வாசல்லயே அழிஞ்சிடுது. நீங்க கடையில வாங்கற 'பொன்னி' மூட்டைக்குள்ள உண்மையில என்ன ரகம் இருக்குன்னு என்கிட்ட கேட்டீங்கன்னா, நான் பதில் சொல்ல மாட்டேன். நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க. பெரும்பாணாற்றுப்படையில நெல்லுல ஆக்கின தோப்பிங்கற கள் வருது. இங்கயும் அரிசிக்கு அந்தக் கதை இருந்ததுதான். அதைத் திரும்பக் கொண்டு வான்னு நான் சொல்ல வரல. சோத்துக்குப் போற அரிசிக்காவது பேர் இருக்கட்டும்.

அங்கயும் எல்லாம் தேனும் பாலும் இல்ல. 2025 வசந்த காலத்துல சாப்பாட்டு அரிசி 5 கிலோ 4,000 யென்னைத் தாண்டிடுச்சு. படுத்துப்போற, விளைச்சல் குறைஞ்ச சாக்கே நெல்லை எதுக்குப் போடணும், சாப்பாட்டு ரகமே போட்டா லாபம்னு குடியானவங்க கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. விவசாயம் பார்க்கிறவங்களோட சராசரி வயசு 70-ஐ நெருங்குது. முராமாய் உறவும் இந்தக் கணக்கைத் தாங்கி ஆகணும். பட்டறைக்காரங்க விலையை ஏத்தித் தரணும், அதுக்கு வாங்கறவங்க பாட்டிலுக்குக் கூடக் கொடுக்கணும்.

யாரையும் குடிக்கச் சொல்லி நான் இதை எழுதல. ஏற்கனவே பழக்கம் இருந்து, வேலைக்கோ சுத்திப் பார்க்கவோ அந்தப் பக்கம் போறவங்க இருந்தா மட்டும்: குளிர்காலத்துல போங்க, அப்பதான் பட்டறை ஓடும். வாசல்ல தேவதாரு இலையில கட்டின பெரிய பந்து தொங்கும். பச்சையா இருந்தா புது சாக்கே வந்தாச்சுன்னு அர்த்தம், பழுப்பாகி இருந்தா கொஞ்ச நாளாச்சு. பக்கத்துக் கடையில சாக்கே பிழிஞ்ச சக்கையும் விக்கும். அதுல ஊற வெச்ச வெள்ளரி, முள்ளங்கி ஊறுகாய் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். எங்க வீட்டம்மா மோந்து பார்த்துட்டு, மாட்டுக்குப் போடலாமான்னு கேட்டாங்க.