படிப்புச் சுமையும் நம் பிள்ளைகளும்

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. பரீட்சைத் தோல்வியால் மாண்டவர்கள் என்று அதே ஆண்டில் பதிவானவர்கள் 2,248 பேர். மனத்திடம் இல்லாத பிள்ளைகள் என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது.

கேரளக் கல்லூரிகளில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு முறை வந்திருக்கிறது. மூன்றாண்டில் வெளியேறுவதானாலும் 133 கிரெடிட் சேர்க்க வேண்டும். செமஸ்டர் பரீட்சை, செமினார், அசைன்மெண்ட், இன்டர்னல் மார்க் என்று ஓய்வில்லை. இந்தச் சுமை எல்லாருக்கும் உண்டு. தேவிகுளம், பீருமேடு, சித்தூர் பகுதிகளில் தமிழ்வழி படித்துவரும் பிள்ளைக்கோ அது இரட்டைச் சுமை. புத்தகம் ஆங்கிலத்தில், விளக்கம் மலையாளத்தில். முதலில் மொழியைப் புரிந்துகொண்டு, பிறகு பாடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கேலிக்குப் பயந்து சந்தேகம் கேட்பதில்லை. அரியர் விழுந்தால் வீட்டில் சொல்வதில்லை. லயத்து வீட்டின் கடன் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். உதவி எண்களை வகுப்பிலும் விடுதியிலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றது. வரவேற்கிறோம். ஆனால் அந்த ஆலோசகர் எந்த மொழியில் பேசுவார்?

அரசுக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. மனுப் போடத் தமிழ் உண்டு. மனக்குமுறலைச் சொல்லத் தமிழ் வேண்டாமா? தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் தமிழ் அறிந்த ஆலோசகரை நியமிக்க வேண்டும். தமிழ்வழி வந்தவர்களுக்கு முதல் செமஸ்டரில் தனி மொழி வகுப்பு நடத்த வேண்டும். இவை சலுகையல்ல, நமது உரிமை.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பிள்ளை விடுமுறைக்கு வந்ததும் மார்க்கைக் கேட்காதீர்கள். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். அடுத்த லயத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். பேச்சுக் குறைந்து, உறக்கம் கெட்டு, வீட்டுக்கு வரவே தயங்கினால் அலட்சியம் வேண்டாம். டெலி-மானஸ் எண் 14416. இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

தோற்ற பரீட்சையை மறுபடி எழுதலாம். இதைப் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாம். கல்லூரி முதல்வர்களுக்குத் தமிழிலேயே மனு எழுதுவோம். ஊர் தோறும் கையெழுத்துத் திரட்டுவோம்.