இல்லம் பேணல்: மரை பொருந்தாத குழாய்

குளியலறைச் சுவரிலிருந்து தொட்டிக்கு நீர் வார்க்கும் பழைய பித்தளைக் குழாய் ஒழுகத் தொடங்கினால், பல இல்லங்களில் முதலில் செய்யப்படுவது அதன் கீழே ஒரு வாளியை வைப்பதுதான். நொடிக்கு ஒரு சொட்டு வீழ்ந்தாலும் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள்! ஒளுவுக்கும் குளிப்புக்கும் உரிய நீர் இவ்வாறு வீணாவதைக் கண்டும் காணாதிருத்தல் முறையன்று.

ஆயினும், கடைக்குச் சென்று ஒரு புதுக்குழாய் வாங்கி வந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது. பழைய வீடுகளில் புதுக்குழாய் பொருந்த மறுப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அளவின் பெயர். ‘அரை அங்குலம்’ என்பது குழாயின் பெயரேயன்றி நாம் அளந்து காணும் அளவன்று. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர்; அரை அங்குலக் குழாயின் வெளிமரையின் குறுக்களவோ ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். அதை அளந்து பார்த்துவிட்டு முக்கால் அங்குலக் குழாய் கேட்போர், 26 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட குழாயுடன் வீடு திரும்புவர்.

இரண்டாவது, மரையின் சாய்வு. 1841இல் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் மரையின் கோணத்தை 55 பாகை என வகுத்தார். அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகையை முன்வைத்தார். நம் நாட்டுக் குழாய் மரைகள் ஆங்கில முறையைத் தழுவியவை. அமெரிக்காவிலுள்ள உறவினர் அன்போடு கொண்டுவரும் பளபளப்பான குழாய் அந்நாட்டு முறையில் அமைந்திருக்கக்கூடும். அரை அங்குல அளவில் இரு முறைகளிலும் அங்குலத்திற்கு 14 புரிகளே இருப்பதால், முதல் இரண்டு சுற்று எளிதாகவே ஏறும். பின்னர் இறுகும். ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று வலிந்து திருகினால் மரை சிதையும்; நீரும் ஒழுகும்.

மூன்றாவது, ஆழம். பழைய சுவரின்மேல் புதிதாக டைல்ஸ் பதித்த வீடுகளில் குழாய்வாய் உள்ளே புதைந்துவிடும். அங்கே புதுக்குழாயின் மரை எட்டாது. ‘எக்ஸ்டென்ஷன் நிப்பிள்’ எனக் கேட்டால் பல நீளங்களில் கிடைக்கும். டைல்ஸ் முகத்திலிருந்து குழாய்வாய் வரை உள்ள ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து, குறித்துச் செல்லுங்கள்.

கழற்றும் முறையிலும் கவனம் வேண்டும். வால்வை மூடிக் குழாயிலுள்ள நீரை வடித்துவிடுங்கள். சில குழாய்கள் மரையில் ஏறாமல், அடிப்பக்கத்துச் சிறு திருகாணியால் பிடித்து நிற்பவை. ஆகவே முதலில் அடியில் தடவிப் பாருங்கள். திருகாணி இருப்பின் அதைத் தளர்த்தி நேராக இழுத்தால் போதும். மரையுள்ளதாயின், துருப்பிடித்த இடத்தில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பின்னர் சுவரிலுள்ள பைப்பை ஒரு ரிஞ்சால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் குழாயைத் திருக வேண்டும். ஒரே ரிஞ்சைக் கொண்டு முழு வலிமையையும் காட்டினால், சுவருக்குள் இருக்கும் எல்போ முறியும். அதன்பின் டைல்ஸை உடைத்துச் சுவரைக் கொத்துவதும், வீடு முழுதும் நீரின்றித் தவிப்பதுமாக முடியும்.

கழற்றிய பழைய குழாயைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதையே கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். அது எந்தச் சாக்கெட்டில் கையாலேயே தடையின்றி முழுவதும் ஏறுகிறதோ, அதே சாக்கெட்டில் புதியதும் ஏற வேண்டும். இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. கடைக்காரர் அவசரப்படுத்தினாலும், ஏற்றிப் பாராமல் பணம் கொடுக்காதீர்கள்.

மாட்டும்போது டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே இழுத்துச் சுற்றுங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். கை தடுமாறினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். பொருந்தாத மரையை டேப்பின் தடிமனால் பொருத்திவிட முயலாதீர்கள். இன்று நின்ற ஒழுகல் சில நாட்களில் சுவருக்குள் கசியத் தொடங்கும்.

சுவருக்குள் உள்ள மரையே துருவேறிப் பொடிப்பொடியாக உதிருமாயின் அங்கேயே நிறுத்திவிட்டுத் தேர்ந்த பிளம்பரை அழையுங்கள். புதுக்குழாயின் அழகைவிடச் சுவருக்குள் இருக்கும் பைப்பின் நலனே முக்கியம்.