கூடு கட்டாத பறவைக்கு ஓர் இடம்

2025-இல் சிங்கப்பூர் ஓசிபிசி சென்டர் கட்டடத்தில் பைரி இணை ஒன்று குஞ்சு பொரித்த செய்தி வந்தபோது, தெப்ராவில் என் நண்பர்கள் பலர் நம்பவில்லை. "வங்கிக் கட்டடத்தில் காட்டுப் பறவையா?" என்றார்கள். பைரியின் இயல்பு தெரிந்தால் இதில் வியப்பில்லை.

பைரி கூடு கட்டுவதில்லை. செங்குத்தான பாறை விளிம்பில் சரளையை ஒதுக்கிச் சிறு குழி பறித்து, பொதுவாக 3 அல்லது 4 முட்டைகள் இடும். ஒரு மாதத்திற்குச் சற்று அதிகமாக அடைகாக்கும். பெரும்பாலும் பெண் பறவை அடையில் இருக்க, ஆண் பறவை இரை கொண்டு வரும். தாய் அதைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஊட்டும். ஏறக்குறைய ஆறு வாரத்தில் குஞ்சுகள் பறக்கும். அதன் பிறகும் பெற்றோர் கைவிடுவதில்லை. இரையை வானத்திலேயே நழுவவிட்டுப் பிடிக்கப் பழக்கும்.

உயர்ந்த கட்டடமும் அதற்கு ஒரு பாறைதான். ஆனால் வழுவழுப்பான சிமெண்டில் முட்டை உருண்டுவிடும். அதனால் மேலைநாட்டு நகரங்கள் சிலவற்றில் கட்டடங்களின் மேல் சரளை பரப்பிய தட்டுகளை வைக்கிறார்கள். ஒரு காலத்தில் டிடிடி பூச்சிமருந்தால் பைரியின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. 1972-இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. பின்னர் அங்கே பைரிகள் மீண்டும் பெருகின. கெடுத்ததும் மனிதன், காத்ததும் மனிதன்.

நம் ஊருக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவின் காட்டோரங்களில் பைரியின் சின்னஞ்சிறு உறவு ஒன்று உண்டு: கருந்தொடைக் குட்டி வல்லூறு. நீளம் சுமார் 15 செண்டிமீட்டர்தான். தும்பியையும் பூச்சிகளையும் பிடித்து உண்ணும். இதுவும் கூடு கட்டாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில்தான் குஞ்சு வளர்க்கும். அத்தகைய பொந்துகள் பெரும்பாலும் பட்டமரங்களில் இருக்கும். தெப்ராவில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது, "செத்த மரம்தானே" என்று முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

பட்டமரம் ஆபத்து என்பார்கள். சாலையோரத்திலும் பள்ளி வளாகத்திலும் உண்மைதான். அங்கே வெட்டத்தான் வேண்டும். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத ஆற்றோரத்தில் நிற்கும் மரத்தால் யாருக்கு என்ன கேடு? செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்கும் ஆந்தைக்கு நாமே கூண்டுப்பெட்டி வைக்கிறோம். நமக்குப் பயன் தரும் பறவைக்கு மட்டும்தானா இடம்?

மாணவர்களே, உங்கள் வட்டாரத்தில் பொந்துள்ள மரங்களைக் கண்டு குறித்து வையுங்கள். பள்ளியின் அறிவியல் கழகமே இதைச் செய்யலாம். வெட்ட வரும் நாளில், அந்தக் குறிப்பைக் காட்டித்தான் நாம் பேச முடியும். குஞ்சு இருக்கும் காலத்தில் படம் எடுக்க நெருங்காதீர்கள், டுரோனும் பறக்கவிடாதீர்கள். அஞ்சிய தாய் அடையை விட்டு எழுந்தால், வெயிலில் வாடுவது குஞ்சுதான்.