சைக்கிளுக்குச் சேர வேண்டிய சாலை

சைக்கிள் பாதைக்குப் பணம் ஒதுக்கும் பேச்சு எழும்போதெல்லாம், “இந்த வெயிலில் யார் மிதிக்கப்போகிறார்கள்?” என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. கேட்பவர்கள் அதிகாலையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போய்ப் பார்க்கட்டும். கேரியரில் சாப்பாட்டுப் பையைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போகும் தொழிலாளிகள், லாரிக்கும் சாலையோர மணலுக்கும் நடுவே ஒரு முழ இடத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிறார்கள். பஸ் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் அவர்கள்தான் இந்தப் பாதையின் உரிமையாளர்கள். வாரக்கடைசியில் ஹெல்மெட்டோடு கிளம்புபவர்கள் பிறகுதான்.

பிளஸ் 1 மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விலையில்லா சைக்கிள் தரும் அரசு, அதை ஓட்டப் பத்திரமான சாலையையும் தரக் கடமைப்பட்டது. சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் ஒதுக்கச் சொல்கிறது. அதன்படி எவ்வளவு செலவானது என்பதை மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

வெறும் பெயின்ட் கோடு போதாது. மறுநாளே அதில் கார் நிற்கும். கான்கிரீட் தடுப்பு வேண்டும், சக்கரம் சிக்காத வடிகால் மூடி வேண்டும். முதல் பாதையைக் கடற்கரையில் அல்ல, தொழிற்பேட்டைகளிலிருந்து ரயில் நிலையங்களுக்குப் போடுங்கள்.