ஃபோர் வீலும் ஆல் வீலும் ஒன்றல்ல



பங்குனி உத்திரத்துக்கு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தோம். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் தன் புது வண்டியில் அழைத்துப் போனார். நிழல் தேடி வண்டியைச் சாலையை விட்டு இறக்கினார். பத்தடி போவதற்குள் தேரி மணல் டயரை விழுங்கிவிட்டது. "சார், இது ஃபோர் வீல் டிரைவ், ஏறிரும்" என்று மிதித்தார். இன்னும் புதைந்தது. சற்று நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பின் சக்கரங்கள் சுற்றுவதையே நிறுத்திவிட்டன. கடைசியில் டயரில் பாதிக் காற்றை இறக்கி, அடியில் பனை ஓலையைத் திணித்து, நாலைந்து பேர் தள்ளி வெளியே எடுத்தோம்.

அவர் வாங்கியிருப்பது ஃபோர் வீல் டிரைவ் அல்ல, ஆல் வீல் டிரைவ். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் கூடுதலாக வாங்கிக்கொண்டு இதைக்கூட விளக்காமல் அனுப்புவதை நான் தவறு என்றே சொல்வேன்.

பள்ளியில் அணிவகுப்பு பழக்கியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வரிசை திரும்பும்போது உள்பக்கப் பிள்ளை நின்ற இடத்திலேயே கால் மாற்றும். வெளிப்பக்கப் பிள்ளை எட்டி நடக்க வேண்டும். வண்டி திரும்பும்போதும் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்ற ஃபோர் வீல் வண்டிகளில் லிவரை 4எச்-சில் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஸ்டியரிங் இறுகும், டயரும் கியரும் தேயும். அதனால் ரோட்டில் 2எச்-தான். 4எல் என்பது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது. தேரிக்கு வேண்டியது அதுதான். (தாரிலேயே பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகையும் 2023 முதல் விற்கிறது. தோற்றத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.)

ஆல் வீலில் நாம் எதையும் போட வேண்டியதில்லை. பல வண்டிகளில் சாதாரணமாக முன் சக்கரமே இழுக்கும்; அது வழுக்கினால் நடுவில் உள்ள கிளட்ச் தானாகப் பிடித்துப் பின் சக்கரத்துக்கும் சக்தியை அனுப்பும். மழை ஈரத்திலும் மலைப் பாதையிலும் நல்ல துணை. ஆனால் மணலில் விடாமல் மிதித்தால் கிளட்ச் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விட்டுவிடும். அன்று நடந்தது அதுதான்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸே நின்றுபோனது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் "என் வண்டி நாலு சக்கரமும் இழுக்கும்" என்று இறங்கிவிடாதீர்கள். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தால் சிறிய காரை நகர்த்தும், இரண்டடி இருந்தால் பெரிய வண்டியையும் அடித்துப் போகும். டயர் தரையை விட்டு எழும்பிய பிறகு எத்தனை சக்கரம் இழுத்தால் என்ன? பிரேக்கும் அப்படியே. எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக். ஃபோர் வீல் என்பதால் ஈர ரோட்டில் சீக்கிரம் நிற்காது.

தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போய் வருகிறவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை என்பது என் கருத்து. தேரியில் தோட்டம் வைத்திருப்பவர் ஃபோர் வீல் வாங்கட்டும். வாங்கும்போது "இதில் லோ கியர் இருக்கா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். விற்பவர் முழித்தால் வேறு ஆளிடம் விசாரியுங்கள்.

இதை எழுதலாமா என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். "பேர் மட்டும் போடாதீங்க சார்" என்றார். இப்போது அவர் டிக்கியில் காற்றடிக்கும் பம்பு ஒன்றும் பழைய சாக்கு இரண்டும் கிடக்கின்றன.